பின்விளக்கு

சந்திப்பில் வேனை மறித்த போக்குவரத்துக் காவலர் கோபக்காரராக இருந்திருந்தால் தேவலை. பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு வந்திருக்கலாம். அவரோ ஜன்னல் பக்கம் குனிந்து, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி நிதானமாகச் சொன்னார்.

“அம்மா, பின்னாடி ப்ரேக் லைட் ரெண்டும் எரியல. இடது பக்க இண்டிகேட்டரும் இல்ல. நீங்க நிக்கப் போறீங்களா, திரும்பப் போறீங்களான்னு பின்னாடி வர்றவன் ஜோசியம் பார்த்துக்கிட்டா வருவான்?”

வேனுக்குள் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். பேக்கிங் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள். எதற்கு வேண்டுமானாலும் சிரிப்பார்கள். வேன்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலைந்து நாளாகவே இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் ‘டிக்டிக்டிக்டிக்’ என்று இண்டிகேட்டர் பதறியடித்துக்கொண்டு ஓடிய சத்தம் அவள் காதில் விழாமலில்லை. முன் சீட்டுப் பெண்கூட, “என்னக்கா, வேனுக்குப் படபடப்பா?” என்று கேட்டிருந்தாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். பார்க்க வேண்டியது வீட்டில் ஏற்கெனவே தலைக்கு மேல் இருந்தது.

“திங்கக்கிழமைக்குள்ள மாத்திடுங்கம்மா. மறுபடி இதே மாதிரி வந்தா நான் அபராதம் எழுதித்தான் ஆகணும்” என்று சொல்லி அனுப்பினார் காவலர்.

போன மழைக்காலம் வரைக்கும் அவளுக்கு வேன்காரம்மா என்ற இந்தப் பெயரே கிடையாது. அவள் கணவர்தான் வேன்காரர். அவள் வேன்காரர் வீட்டம்மா. ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கையும் வலது காலும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பேச்சு அவர் நினைப்பைக் கேட்கவில்லை. ஒன்றைச் சொல்ல நினைப்பார், வாயில் வேறொன்று வந்து நிற்கும். தண்ணீர் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஜன்னல் என்பார். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளைப் போனில் வாய் நிறைய ‘மாமா’ என்று கூப்பிட்டுவிட்டு, தானே தலையில் அடித்துக்கொள்வார்.

வேன் ஓடாவிட்டால் வீடு ஓடாது. என்றோ ஒரு காலத்தில் அவரே ஆசையாகக் கற்றுக்கொடுத்த ஓட்டுதலை நம்பி அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். விடியும் முன்பு ஒரு ட்ரிப், மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நடுவில் சமையல், அவருக்குக் குளியல், மருந்து, காலுக்குப் பயிற்சி. கொஞ்ச நாளில் தெருவே அவளை வேன்காரம்மா என்றது. அவர் வேன்காரம்மா வீட்டுக்காரர் ஆனார். இதை யாரோ அவர் காதுபடவே சொல்லிவிட்டார்கள். அன்று அவர் சாப்பிடவில்லை.

அவருடைய தம்பியை வீட்டில் எல்லோரும் சின்னவர் என்பார்கள். அவர் வரும்போதெல்லாம் ஒரே பாட்டுத்தான். “அண்ணி, ஒரு டிரைவரைப் போட்டுக்கோங்க. ஒரு ட்ரிப்பாவது விடுங்க. உங்க மூஞ்சியக் கண்ணாடியில பார்த்தீங்களா?”

“இன்னும் கொஞ்ச நாள்தானே தம்பி. அவர் வந்துருவார்” என்று அவளும் ஒரே பதிலைச் சொல்வாள்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் உதிரிபாகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “எந்த பல்புக்கா? பழசு கொண்டாந்தீங்களா?” என்றார். கொண்டுவரவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“என்னங்க, ப்ரேக் லைட் பல்பு எதுன்னு கேக்கறாங்க.”

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “தக்காளி” என்றார் அவர். “தக்காளி... ரெண்டு... ரெண்டு நரம்பு!”

கடைக்காரர் சிரிக்கவில்லை. “ரெண்டு இழை உள்ளதா? சரி சரி, அதான் வரும். ஒரு இழை பின்விளக்கா எரியும், இன்னொண்ணு ப்ரேக்குக்கு. இண்டிகேட்டருக்கு இந்த ஆரஞ்சு” என்று எடுத்து வைத்தார். சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள். கைப்பைக்குள் போட்டால் இருப்பதே தெரியாத கனம்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கடை பூட்டியிருக்கும். திங்கள் விடியும் முன்பே வண்டி எடுக்க வேண்டும். “பக்கத்துத் தெருவுல எலக்ட்ரீசியன் ஒருத்தர் இருக்காரே” என்று அவள் ஆரம்பித்தபோதே அவர் இடது கையால் நெஞ்சில் தட்டிக்கொண்டார். “நான்” என்றார். அந்த ஒரு சொல் மட்டும் எப்போதும் அவருக்குத் தப்பாமல் வந்தது.

சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிவிட்டு அவள் வெளியே வந்தபோது, வேனுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவர் தயாராக இருந்தார். தகரக் கூரையின் கீழ், வெள்ளையடித்த சுற்றுச்சுவரை ஒட்டிப் பின்புறம் வைத்து வண்டி நின்றது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் இரண்டு ஆள் நிற்கலாம். வெயில் கூரையில் இறங்கி, நிழலே கொதித்தது. அவளுக்கு வாரத்தில் ஒரே ஒரு மதியத் தூக்கம் உண்டு. அது இன்று போயிற்று.

பின்கதவைத் தூக்கியதும் விளக்குக் கூட்டின் ஓரத்தில் இரண்டு திருகுகள் தெரிந்தன. மேலே உள்ளது சொன்ன பேச்சு கேட்டது. கீழே உள்ளது துருப்பிடித்துப் போய் ஒரே பிடியாக இருந்தது.

“எண்ணெய்” என்றார் அவர். சரியான சொல்தான். அவரே ஆச்சரியப்பட்டார்.

சமையலறையிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து இரண்டு சொட்டு விட்டு, காத்திருந்து, உடம்பு பாரத்தையே ஸ்க்ரூடிரைவர்மேல் போட்டுத் திருகினாள். க்ரீச்சென்று கழன்றது. கூட்டைப் பக்கவாட்டில் இழுத்தாள், அசையவில்லை. இன்னும் இழுத்தாள், பிளாஸ்டிக் முனகியது.

“அய்யோ! இல்ல! முதுகு, முதுகு!” அவர் நாற்காலியிலேயே குதித்தார்.

“என் முதுகு ஏற்கெனவே போச்சு. என்ன சொல்றீங்க?”

இடது கையால் தன் நெஞ்சுக்கு நேராகக் காற்றை இழுத்துக் காட்டினார். பின்பக்கமாக, நேராக இழுக்க வேண்டும். அப்படி இழுத்ததும் பொட்டென்று கூடு கையோடு வந்தது. உள்ளே ஒரு தூசுக் கிடங்கே இருந்தது. சிலந்தி ஒன்று குடும்பத்தோடு காலி செய்துவிட்டுப் போன வீடு. ஆரஞ்சு பல்பை அழுத்தித் திருப்பி எடுத்தாள். கண்ணாடி கறுத்து, இழை அறுந்து தொங்கியது. புதியதைப் போட்டு, ஹஸார்டு ஸ்விட்சைத் தட்டினாள். ‘டிக்... டிக்... டிக்’ என்று நிதானமாக அடித்தது.

“ஆச்சு!” என்று அவர் தொடையில் தட்டினார். அவள் முகத்திலும் ஒரு நொடி வெளிச்சம் வந்தது.

ப்ரேக் பல்பு அவ்வளவு சுலபத்தில் படியவில்லை. அதன் பக்கவாட்டில் இரண்டு சின்ன முளைகள், ஒன்று மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. மாற்றி வைத்தால் உட்காராது. அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஏற்ற இறக்கமாக வைத்துக் காட்டினார். அவள் புரிந்துகொண்டு திருப்பி வைத்தாள். இரண்டு பக்கமும் முடித்துவிட்டு, சட்டையில்லாத குழந்தை மாதிரி ஒயரோடு தொங்கிய கூடுகளை அப்படியே விட்டுவிட்டு, “சரி, யாராவது ப்ரேக்கை மிதிச்சாத்தானே எரியுதான்னு பார்க்க முடியும்? எதிர்வீட்டுல கூப்பிடவா?” என்றாள்.

“நான்” என்றார் அவர்.

அவள் தயங்கினாள். அவர் அந்த இருக்கையில் உட்கார்ந்து எத்தனையோ மாதம் ஆயிற்று. அதற்குள் அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். முதலில் இடுப்பை இருக்கையில் சாய்த்து, இடது காலை உள்ளே இழுத்துக்கொண்டார். வலது காலை அவள் கணுக்காலைப் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தாள். ஊன்றுகோலைப் பக்கத்து இருக்கையில் போட்டார். இருக்கையை ஒரு பல் பின்னால் தள்ளிக்கொண்டார். அவள் உயரத்துக்கு அது முன்னால் வந்திருந்தது. கண்ணாடியைத் தன் கண்ணுக்குத் திருப்பினார். இடது கையை ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்க்கிற மாதிரி முன்னால் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. இந்த மனுஷன் திரும்பி வந்துவிடுவார், தான் சாயங்காலத்தில் நீட்டிப் படுக்கலாம் என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்படவும் தெம்பில்லை.

“அடுத்த ஞாயிறு” என்றார் அவர், அவளைப் பார்க்காமல். “தம்பி... பெரிய... காலி...” சொல் கிடைக்காமல் கையை அகல விரித்தார்.

“காலி மைதானமா? தம்பி கூட்டிட்டுப் போறாரா? ஓட்டிப் பார்க்கவா?”

அவர் தலையாட்டினார். திருட்டுத்தனமாகத் திட்டம் போட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போனாள்.

“அழுத்துங்க!”

“ம்!”

விளக்கு எரியவில்லை. கையைக் குவித்து மறைத்துப் பார்த்தாள். இல்லை.

“அழுத்தினீங்களா?”

“ஆச்சு!”

பல்பைக் கழற்றி, திருப்பிப் பார்த்து, மறுபடி மாட்டினாள். “இப்ப!” என்றாள். எரியவில்லை. ஹோல்டருக்குள் பச்சைப் பாசி மாதிரி ஏதோ பிடித்திருந்தது. உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்தாள். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. “இப்ப?” எரியவில்லை. இடது பக்கத்துப் பல்பை வலது பக்கம் மாற்றினாள். மிச்சமிருந்த புதுப் பெட்டியையும் பிரித்தாள்.

“நல்லா அழுத்துங்களேன்!”

“இதுக்கு மேல அழுத்தினா தரை போயிரும்!” என்று கத்தினார் அவர். கோபம் வந்தால் சில சமயம் வாக்கியம் முழுசாகவே வந்துவிடும். “நீ... நீ சரியா வைக்கல! கரண்டி பிடிச்ச கை!”

“ஆமா, கரண்டியும் பிடிக்கறேன், ஸ்டியரிங்கும் பிடிக்கறேன், உங்களையும் பிடிக்கறேன்! எனக்கு எத்தனை கைன்னு நினைச்சீங்க?”

சொல்லிவிட்டு அவள் வண்டியின் பின்பக்கத்தில் அப்படியே சாய்ந்து நின்றாள். கண்ணை மூடினால் நின்றபடியே தூங்கிவிடுவாள் போலிருந்தது.  பிறகு முன்னாலிருந்து இறங்கிய குரலில், “ஃ... ஃப்யூஸ்” என்றார் அவர்.

அதுவும் நியாயந்தான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எரியவில்லையென்றால் பல்பைக் குறை சொல்லி என்ன பயன்? ஃப்யூஸ் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே, பெடல்களுக்கு மேலே இருந்தது. அவள் கதவைத் திறந்து, தரையில் முழங்காலிட்டு, அவர் முழங்காலுக்கு அருகே தலையை நுழைத்தாள். செல்போன் விளக்கைப் போட்டாள்.

“அழுத்திக்கிட்டே இருங்க, பார்க்கறேன்.”

“அழுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார் அவர் மேலிருந்து.

அவர் பாதம் ப்ரேக்மேல் இல்லை. பெடலுக்குப் பக்கத்தில், ரப்பர் விரிப்பின்மேல், வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. செருப்பு பாதி கழன்றிருந்தது. தொடை மட்டும் மும்முரமாக இறுகி, நடுங்கிக்கொண்டிருந்தது. உண்மையிலேயே பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தார். எதை அழுத்துகிறோம் என்பது அந்தக் காலுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

அவள் அசையாமல் இருந்தாள். செல்போன் வெளிச்சம் அந்தச் செருப்பின்மேலேயே நின்றது.  கை தானாக நீண்டு பெடலைப் பிடித்துக் கீழே அழுத்தியது.

பின்னால் வெள்ளைச் சுவரில் சிவப்பு பரவியிருக்க வேண்டும். கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, “வந்துருச்சு!” என்று அவர் கூவினார். “வந்துருச்சும்மா! பார்த்தியா, எரியுது! நான் சொன்னேன்ல!”

இடது கையால் ஸ்டியரிங்கைப் படபடவென்று தட்டினார். அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் விளக்கு அணையும். அழுத்தியபடியே இருந்தால் எவ்வளவு நேரம் இருப்பது? மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது.

பாராட்டை எதிர்பார்த்து அவர் கீழே குனிந்து பார்த்தார்.

முதலில் அவள் தலையைப் பார்த்தார். பிறகு அவள் கையை. கை எங்கே இருக்கிறது என்பதை. பிறகு, அங்கிருந்து ஒரு சாண் தள்ளி, தன் காலை. யாரோ விட்டுவிட்டுப் போன சாமானைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“உன் கை” என்றார்.

“ஆமா.”

“என்... இது...” காலைக் காட்டினார்.

“பக்கத்துல இருக்குங்க.”

“எப்ப இருந்து?”

“தெரியல. முதல்லேர்ந்தேதான்னு நினைக்கறேன்.”

அவள் கையை எடுத்தாள். கண்ணாடியில் சுவர் மறுபடி வெள்ளையாயிற்று. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஹாரனை அழுத்தினார். விடாமல் அழுத்தினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. அவள் தடுக்கவில்லை. அவருக்கே போதும் என்றானதும் கையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் எழுந்து, பக்கக் கதவின் படியில் போய் உட்கார்ந்தாள். தினமும் பெண்கள் ஏறி இறங்கும் படி. அவளுக்கும் அழுகை வந்தது. அவருக்காக அழுவதாகத்தான் தொடங்கினாள். போகப்போகத் தனக்காக என்று தெரிந்தது. இத்தனை நாளும் மருத்துவர் ‘பார்க்கலாம்’ என்ற போதெல்லாம் அவரைவிட அதிகமாக அதைப் பிடித்துத் தொங்கியவள் அவள்தான். வாசலில் வண்டிச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுப்பதாக எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பாள்! அது இனி நடக்கிற காரியமில்லை. ப்ரேக் பெடல் இருக்கும் இடம் தெரியாத காலை நம்பி யாரும் யாரையும் ஏற்ற முடியாது. அடுத்த ஞாயிறு மைதானத்தில், சின்னவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓடுகிற வண்டியில் இது தெரிந்திருந்தால்? அந்த நினைப்பில் அவள் அழுகைகூட நின்றுவிட்டது.

“இந்தாம்மா” என்றார் அவர் முன்னாலிருந்து.  “தம்பிக்கு... சொல்லிரு. ஞாயிறு வேணாம்.”

“நீங்களே சொல்றீங்களா?”

“நான் சொன்னா... வேற ஏதாவது வந்துரும்.” கொஞ்சம் நிறுத்தினார். “சரின்னு வந்துரும்.”

அழுத மூக்கோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

வேலை இன்னும் முடியவில்லை. எந்தப் பக்கம் எரிந்தது, இரண்டும் எரிந்ததா என்று யாரும் பின்னால் நின்று பார்க்கவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதிர்வீட்டில் யாரையாவது கூப்பிடலாம் என்று எழுந்தாள். அதற்குள் அவர் பக்கத்து இருக்கையிலிருந்து ஊன்றுகோலை இடது கையால் இழுத்து, அதன் நுனியை ப்ரேக்மேல் வைத்தார். இந்த முறை குனிந்து, கண்ணால் பார்த்து வைத்தார்.

“போ. பின்னாடி போ.”

அவள் போனாள். இரண்டு கூடும் சிவப்பாக எரிந்தன. “ரெண்டும் எரியுது! விடுங்க!” அணைந்தன. “மறுபடி!” எரிந்தன. இன்னும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, கூடுகளை அதன் இடத்தில் அழுத்திப் பொருத்தித் திருகுகளை முடுக்கினாள். துருப்பிடித்த திருகுக்கு இன்னொரு சொட்டு எண்ணெய் விட்டாள்.

அவரை இறக்கி உள்ளே கூட்டிப்போய்க் கைகால் கழுவிவிட்ட பிறகு சின்னவருக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள்.  “இன்னும் ரெண்டு மாசம் பயிற்சி குடுத்துப் பார்க்கலாமே அண்ணி” என்றார் சின்னவர். டிரைவர் வை, டிரைவர் வை என்று தொண்டை கிழியக் கத்தியவரும் அவர்தான்.

“இல்ல தம்பி. காலுக்குப் பயிற்சி குடுக்கலாம், நடக்கறதுக்கு. ஓட்டறதுக்கு இல்ல.” அவள் குரலில் வருத்தம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. “எனக்கு ஒரு ஆள் வேணும். சாயங்கால ட்ரிப்புக்கு. மூணையும் என்னால இழுக்க முடியல. யாராவது இருந்தா சொல்லுங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கட்டிலில் உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தன் இடத்தில் இன்னொருத்தனா என்று சண்டை பிடிப்பார் என்று பயந்தாள். அவர் தலையணையைத் தட்டிக் காட்டினார். “படு” என்றார். படுக்க நேரமில்லை, ராத்திரிக்கு மாவு கலக்க வேண்டும், அவருடைய துணிகளை மடிக்க வேண்டும். ஆனாலும் அவர் சொன்னதற்காகக் கொஞ்ச நேரம் ஓரமாகச் சாய்ந்தாள்.

ஆள் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டிய நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். “வண்டியை ஒருதடவை ஓட்டிக் காட்டுங்க” என்று அவள் சொன்னபோது, அவள் கணவர் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். முன் சீட்டில் ஏற்றச் சொன்னார்.

“எதுக்குங்க? வெயில்ல அலையணுமா?”

“எப்படி ஓட்டறான்னு... நான்தான் பார்க்கணும்” என்றார்.  காலைத் தூக்கி வைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டாள். அன்று சாயங்கால ட்ரிப்பே சோதனையாயிற்று. வேன் கேட்டைத் தாண்டித் தெருமுனையில் நின்று, நிதானமாகத் திரும்பிப் போனது.

அவள் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை, துணி மடித்தாகிவிட்டது. என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நடு அறையில் நின்றாள். பிறகு வெறும் தரையிலேயே, கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். அவர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டியது அவளுக்குக் கேட்கவில்லை. அவர் புது ஆளை மறுபடி தட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவள் தானாக எழுந்திருக்கும் வரைக்கும் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாராம்.